படையப்பாவுக்கு முதுகு காட்டியவர்

மாட்டுப்பட்டி அணைக்குப் பக்கத்துச் சாலையில் அன்று காலை நின்றிருந்த ஐம்பது அறுபது பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியின் அக்கரைப் புல்வெளியில் தன்னந்தனியாக ஒரு கொம்பன். "படையப்பா! படையப்பா!" என்று ஜீப் ஓட்டுநர்கள் கை காட்டினார்கள். ரஜினி படத்தின் பெயரைச் சுமந்து திரியும் அந்தக் காட்டு யானை மூணாறு வட்டாரத்தில் பெரிய நட்சத்திரம். பேருந்தை மறிக்கும், கடைக்குள் தும்பிக்கையை நீட்டும், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அன்று நின்றது உண்மையில் படையப்பாதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் எந்தக் கொம்பன் தலை காட்டினாலும் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான்.

ஒரே ஒருவர் மட்டும் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேயிலைச் செடி ஒன்றின் முன்னால் குந்தியிருந்தார். கையில் கேமரா. கேமராவின் முன்னால் ஒரு வெள்ளைத் தயிர் டப்பா. முகம் இலைக்கு அரை அடி தூரத்தில்.

"அப்பா, அந்த அங்கிளுக்கு யானை பிடிக்காதா?" என்றது ஒரு குழந்தை.

"பார்க்காதே, வா" என்றார் அப்பா.

அவரை இங்கே நம்மவர் என்றே அழைப்போம். அவர் யார் என்று துருவ வேண்டாம். இந்தக் கட்டுரையாளருடைய கேமராவையும் சட்டையையும் மனைவியையும்தான் அவரும் வைத்திருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. அவர் மதுரையிலிருந்து போடிமெட்டு ஏறி அவ்வளவு தூரம் வந்தது யானைக்காக அல்ல. சுண்டுவிரல் நகத்தின் மேல் வசதியாக உட்காரக்கூடிய ஒரு சிலந்திக்காக. வலை கட்டாமல், இரையைக் கண்ணால் பார்த்து, பதுங்கிப் போய், பாய்ந்து பிடிக்கும் சிலந்தி. பழைய தமிழ் அகராதிகளில் இதற்கு ஈப்புலி என்று அருமையான பெயர் இருக்கிறது. ஆங்கிலக்காரர்கள் 'குதிக்கும் சிலந்தி' என்று பார்த்ததை அப்படியே பெயராக்கிவிட்டார்கள். நம் ஆட்களோ அது யார் மேல் குதிக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறார்கள்.

ஊரின் பெயரையும் ஒரு வார்த்தை பேசிவிட்டு நகரலாம். பட்டி என்றால் தமிழில் மாடு அடைக்கும் இடம், எனவே மாட்டுப்பட்டி. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாயில் அப்படித்தான் வருகிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அதனால்தானோ என்னவோ பலகைகளில் மாட்டுப்பெட்டி என்று எழுதி, மாட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பெயர் எப்படியானாலும் மாடு விடவில்லை. 1963-இல் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் வந்து சேர்ந்த இடமும் இதுதான். மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர். ஏரி, தேயிலை, தேயிலை ஏற முடியாத மடிப்புகளில் சோலைக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதால் நம்மவர் சாலையோரத்திலும் தோட்டத்து விளிம்பிலுமே தேடினார். ஈப்புலிக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை எளிமையானது. மதுரை வீட்டில் ஒரு நாள் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறச் சிலந்தி வந்து நின்றது. மவுஸ் அம்புக்குறி நகர, அதுவும் திரும்பியது. அம்புக்குறி நிற்க, அதுவும் நின்றது. பிறகு பூனை போல உடம்பைத் தாழ்த்தி, இரண்டடி வைத்து, அம்புக்குறியின் மேல் ஒரே பாய்ச்சல். கண்ணாடியில் மோதி வழுக்கி, தன் நூலில் ஒரு கணம் தொங்கி, திரும்ப ஏறிவந்து, அம்புக்குறியை அல்ல, நம்மவரைப் பார்த்தது. பார்த்தது என்றால் சும்மா அல்ல. தலையை நிமிர்த்தி, இரண்டு பெரிய கண்ணாலும், "நீதான் இதை ஆட்டினாயா?" என்று கேட்பது போல. அதுவரை எந்தப் பூச்சியும் அவரை முகத்துக்கு நேரே பார்த்ததில்லை. கரப்பான் பார்க்காது, பல்லி பார்த்தாலும் அதில் ஒரு மரியாதை இருக்காது.

அன்று மாலையே கேமரா லென்ஸின் முனையில் மாட்டுகிற ரேனாக்ஸ் உருப்பெருக்கி ஒன்றுக்கு ஆர்டர் போனது. ஃபிளாஷ் வெளிச்சம் சிலந்தியின் முதுகில் பளீரென்று தெறிக்கக் கூடாது, மென்மையாகப் பரவ வேண்டும். அதற்குத் தனி உபகரணம் வாங்கலாம். அல்லது வெள்ளைத் தயிர் டப்பாவின் அடியை வெட்டிவிட்டு லென்ஸில் மாட்டலாம். நம்மவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். சமையலறையில் யாரிடமும் கேட்கவில்லை.

முதல் களப்பணி போடி அடிவாரத்து மாந்தோப்பில் நடந்தது. மலை ஏறுமுன் டீ குடிக்க நிறுத்திய இடம். முசுறு எறும்பை அச்சு அசலாக நகலெடுக்கும் ஈப்புலி ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அதே செம்பழுப்பு நிறம், அதே ஒடுங்கிய இடுப்பு. எறும்புக்கு ஆறு கால்தான், சிலந்திக்கு எட்டு. கணக்கு இடிக்குமே என்று அதுவும் யோசித்திருக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆணுக்கு முகத்துக்கு முன்னால் நீளும் தாடை வேறு. அதனால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப்போவது போலத் தெரியும். கூட்டமாகக் கடிக்கிற முசுறை எதிரிகள் பலர் தவிர்ப்பதால், முசுறு வேஷம் போட்டவருக்கும் இலவசப் பாதுகாப்பு.

மாங்கிளையில் ஊர்ந்த வரிசையில் ஒன்று மட்டும் சற்றுத் தயங்கித் தயங்கி நடப்பதை நம்மவர் கண்டுபிடித்தார். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கிளையை லேசாகத் தட்டினால் எறும்பு கீழே விழும், சிலந்தி நூலில் தொங்கும். தட்டினார். எதுவும் தொங்கவில்லை. விழுந்தவை எல்லாம் அவருடைய சட்டைக் காலருக்குள் விழுந்தன. அடுத்த ஐந்து நிமிடம் அந்தத் தோப்பில் அவர் ஆடியதைப் பார்த்து டீக்கடைக்காரர் சாமி வந்துவிட்டது என்றே நினைத்தார். "எந்தச் சாமி?" என்று பயபக்தியோடு விசாரிக்கவும் செய்தார்.

இனி மாட்டுப்பட்டிக்கே வருவோம். இரண்டு மணி நேரம் தேடிய பிறகு ஓர் இலையின் அடியிலிருந்து அது வெளியே எட்டிப் பார்த்தது. முதலில் தெரிந்தது இரண்டு கண். கார் ஹெட்லைட் மாதிரி முன்னால் பெரிதாக இரண்டு. பக்கத்தில் சிறிதாக இரண்டு. தலையின் மேற்புறம் நான்கு. கண்ணுக்குக் கீழே வெள்ளை மயிர், தாத்தாவின் மீசை போல. வாய்க்கு இருபுறமும் இரண்டு சிறு கைகள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தன. தையல் மிஷினில் உட்காரப் போகிறவர் கையைத் தேய்த்துக்கொள்வது போல.

அந்தப் பெரிய கண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தலைக்குள் ஒரு குழாய் இருக்கிறது. லென்ஸ் முகத்தோடு ஒட்டியது, அசையாது. குழாயின் அடியில் உள்ள விழித்திரையைத்தான் தசைகள் இப்படியும் அப்படியும் திருப்புகின்றன. நிறம் வெளிறிய சிலந்தி என்றால் அந்த அசைவை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கரேலென்று இருக்கும் கண் சட்டென்று வெளுக்கும், பிறகு மறுபடி கறுக்கும். மூக்கு நுனியில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு பிறந்ததற்குச் சமம். மற்ற ஆறு கண்களும் சுற்றுமுற்றும் எது அசைந்தாலும் தகவல் சொல்லும். சொன்னதும் உடம்பு திரும்பும், பெரிய கண் இரண்டும் விசாரணையைத் தொடங்கும். ஈப்புலியை முகத்துக்கு நேரே படம் எடுக்க முடிவதன் ரகசியம் இதுதான். போஸ் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாம் நன்றி சொல்கிறோம். அது நம்மைத் தின்னலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம்மவரின் துயரம் வேறு. இவ்வளவு நெருக்கத்தில் கேமராவுக்குத் தெளிவாகத் தெரிவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மீசை மங்கும். மீசையில் வைத்தால் கண் மங்கும். மூச்சு விட்டால் இரண்டுமே மங்கும். மூச்சை அடக்கி, முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் அரிசி அரிசியாக நகர்த்திக் கிளிக் செய்ய வேண்டும். அன்று எடுத்த 214 படங்களில் 190-க்கு மேல் மங்கல். மீதியில் பாதி வெறும் இலை.

ஆனால் அந்த மங்கலைத்தான் ஈப்புலி அளவுகோலாக வைத்திருக்கிறது என்பது தெரிந்தால் எந்தப் புகைப்படக்காரருக்கும் வயிறு எரியும். அதன் பெரிய கண்ணின் விழித்திரை நான்கு அடுக்காக இருக்கிறது. ஓர் அடுக்கில் உருவம் தெளிவாக விழும்போது பக்கத்து அடுக்கில் கொஞ்சம் கலங்கி விழும். எவ்வளவு கலக்கம் என்பதை வைத்தே இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுகிறது. ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் இதை நிரூபித்தார்கள். வீடுகளில் சாதாரணமாகத் தென்படும் ஓர் ஈப்புலியைப் பச்சை வெளிச்சத்தில் வேட்டையாட விட்டார்கள், சரியாகப் பாய்ந்தது. சிவப்பு வெளிச்சத்துக்கு மாற்றினார்கள். சிவப்பொளி லென்ஸில் வேறு மாதிரி வளைவதால் கலங்கலின் கணக்கு பிசகியது. இரையை எட்டாமல் முன்னதாகவே விழுந்தது. ஒரு சிலந்தியை ஏமாற்ற பல்கலைக்கழகமே வேண்டியிருக்கிறது.

பாய்ச்சலின் இயந்திரமும் விசித்திரம்தான். வெட்டுக்கிளி போலப் பருத்த தொடை எதுவும் இதற்குக் கிடையாது. உடம்பை இறுக்கிக் காலுக்குள் திரவத்தை அழுத்தும், மடங்கிய கால் படாரென்று நீளும். ஜேசிபி கை நீளுகிற அதே தத்துவம். பாயுமுன் இலையில் ஒரு நூலை ஒட்ட வைத்துவிட்டுத்தான் பாயும். குறி தப்பினால் அந்த நூலைப் பிடித்துத் திரும்ப ஏறலாம். மலையேறுகிறவர்கள் கயிறு கட்டுவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே இதற்குப் புத்தி வந்திருக்கிறது. எவரெஸ்ட் சரிவுகளில் 6,700 மீட்டர் உயரத்தில்கூட இந்தக் குடும்பத்தில் ஒன்று வாழ்கிறது.

நம்மவர் 215-ஆவது படத்துக்கு மூச்சை அடக்கிய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன சார், சாவி எதும் விழுந்துருச்சா?"

தலையில் துணி கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றி, கொழுந்துப் பையோடு நின்றிருந்தார் ஓர் அக்கா. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நம்மவர் திரும்பியதும் மூச்சு வெளியே வந்தது, இலை ஆடியது, ஈப்புலி பாய்ந்து காணாமல் போனது.

"இல்லக்கா. எட்டுக்கால் பூச்சி."

"கடிச்சிருச்சா?"

"இல்லக்கா. போட்டோ எடுக்கறேன்."

அக்கா ஏரிக்கு அக்கரையைப் பார்த்தார். யானை நின்றுகொண்டிருந்தது. நம்மவரைப் பார்த்தார். திரும்ப யானையைப் பார்த்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"மதுரை."

"மதுரையில எட்டுக்கால் பூச்சி கிடையாதா?"

நியாயமான கேள்வி. நம்மவர் விளக்க முயன்றார். இது வலை கட்டாத வகை, வேட்டையாடி, தேயிலைத் தளிரில் சாறு உறிஞ்சிக் கருக்குகிற கொசு போன்ற பூச்சிகளையும் சிலந்திகள்தான் தின்று குறைக்கின்றன, ஆகவே தோட்டத்துக்கும் நல்லது. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"வலை கட்டாதுன்னா வீடு எது?"

"இலையை மடிச்சு உள்ளே பட்டுல ஒரு பை மாதிரி கட்டிக்கும். ராத்திரி அதுல தூங்கும்."

"அதா? அது கொழுந்துல நெறைய வரும். கையில ஒட்டும். அதைத்தான் தேடுறீங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

முப்பது வருடமாக தினமும் ஆயிரக்கணக்கான இலைகளைத் தொட்ட விரல்கள் அவை. நம்மவரின் இரண்டு மணி நேரத் தேடலை அந்த விரல்கள் நான்கு நிமிடத்தில் முடித்தன. ஒரு செடி, இரண்டாவது செடி, மூன்றாவதில் ஓர் இலையைப் புரட்டிக் காட்டினார். காலி. "வெளிய போயிருக்கு" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல. பிறகு நம்மவரின் காலைச் சுட்டிக்காட்டினார். "அட்டை."

காலுறையைத் தாண்டி மூன்று அட்டை ஏறியிருந்தன. சோலை ஓரத்து ஈரத்தில் அட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பவனை நெருங்க எத்தனை நிமிடம் என்று. அக்கா இடுப்பிலிருந்த சிறு பொட்டலத்தைப் பிரித்து உப்பைத் தூவினார். அட்டைகள் உதிர்ந்தன. நம்மவர் நன்றி சொல்லி நிமிர்ந்தபோது அக்கா சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"சார், அசையாதீங்க. உங்க ஆளு டப்பா மேல நிக்குது."

நின்றது. தயிர் டப்பாவின் மேல் விளிம்பில், உலகத்திலேயே அந்த லென்ஸால் பார்க்க முடியாத ஒரே இடத்தில், காலை அகட்டிக்கொண்டு. நம்மவர் கேமராவை மெல்லத் திருப்பினார். கேமரா திரும்ப டப்பாவும் திரும்பியது, டப்பாவோடு சிலந்தியும் திரும்பியது. கேமராவைக் கீழே வைத்தால் ஓடிவிடும். கைபேசியோ முதுகுப் பைக்குள் இருந்தது.

"நான் எடுக்கட்டா?" என்று அக்கா தன் கைபேசியை நீட்டி ஒரு கிளிக் செய்தார். ஒன்றே ஒன்று. மூச்சையெல்லாம் அடக்கவில்லை. "நம்பரச் சொல்லுங்க, அனுப்பி விடுறேன்."

அன்றிரவு விடுதியில் நம்மவர் தன் பத்தோ பதினொன்றோ தேறிய படங்களைப் பெரிதாக்கி, ஈப்புலியின் பெயரைத் தேடினார். இது லேசான வேலை அல்ல. சிலந்திகளில் மிகப் பெரிய குடும்பம் இதுதான், பெயரிடப்பட்டவை மட்டும் 6,000-க்கு மேல். புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டும் இருக்கின்றன. 2019-இல் குஜராத் ஆய்வாளர் துருவ் பிரஜாபதி ஒன்றுக்கு 'மாரெங்கோ சச்சின்டெண்டுல்கர்' என்று பெயர் வைத்தார். அது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்கூட இருக்கிறது. சச்சின் நம் வீட்டு வேலியில் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவில் பெக்கம் தம்பதி 1896-இல் ஓர் ஈப்புலிக்கு, கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கில் வரும் கருஞ்சிறுத்தை பகீராவின் பெயரை வைத்தார்கள். பதுங்கிப் பாய்கிற ஜாதியாயிற்றே என்ற நம்பிக்கை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து 2009-இல் ஆய்வாளர்கள் அந்த பகீரா கிப்ளிங்கி மெக்சிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் என்ன சாப்பிடுகிறது என்று உன்னிப்பாகப் பார்த்தார்கள். வேல மர வகை ஒன்றின் இலை நுனியில் முளைக்கும் சிறு மொட்டுகள்! பெரும்பாலும் சைவம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லி வைத்தவர்கள் இந்தச் சிறுத்தையைச் சந்தித்ததில்லை.

கேரளத்தில் சிலந்தி ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. கொச்சி தேவராவின் சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் அதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. நம்மவருக்கு அங்கே யாரையும் தெரியாது. ஆனால் சிலந்தி தெரிந்த நண்பர் ஒருவர் உண்டு. அவருக்குப் படத்தை அனுப்பினார், கூடவே தன் தீர்ப்பையும்: "டெலமோனியா டிமிடியாட்டா?" அது வெளிறிய உடம்பில் இரண்டு செங்கோடு போட்ட, ஒரு சென்டிமீட்டர் அழகி. வெப்பமண்டலக் காட்டு இலைகளில் வாழ்வது. நம்மவருக்கு அதன் மேல் நெடுநாள் ஆசை.

ஆசைக்குக் காரணம் அந்தச் சிலந்தி பட்ட அவமானம். 1999-இல் அமெரிக்காவில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. விமான நிலையக் கழிவறை இருக்கைக்கு அடியில் பதுங்கும் சிலந்தி கடித்துப் பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று. சிலந்தியின் அறிவியல் பெயராகக் கொடுத்திருந்தது 'அராக்னியஸ் குளூட்டியஸ்'. குளூட்டியஸ் என்றால் உட்காருமிடத்துத் தசை. புரளியைக் கிளப்பியவர் பெயரிலேயே கண்ணடித்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. சில வருடங்களில் அதே கதை புதுச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்ப வந்தபோது, பொய்ப் பெயருக்குப் பதிலாக நிஜ டெலமோனியாவின் பெயரையும் படத்தையும் ஒட்டிவிட்டார்கள். ஆசியக் காட்டு இலையில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த அப்பாவி, ஒரே இரவில் அமெரிக்கக் கழிவறைக் கொலையாளி ஆனது. மனிதரைக் கொல்லும் நஞ்சு அதற்குக் கிடையாது. இருந்தும் டார்ச் அடித்து இருக்கையைத் தூக்கிப் பார்த்தவர்கள் அன்று எத்தனை பேரோ.

நண்பரின் பதில் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் நம்மவர் குளியலறைக்குப் போனார். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். அறிவு வேறு, ஜாக்கிரதை வேறு. இருக்கைக்கு அடியில் எதுவும் இல்லை. ஆனால் ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு மெல்லிய நூலில், கால்களை மடித்துக்கொண்டு, தலைகீழாக ஒரு சிறு ஈப்புலி தூங்கிக்கொண்டிருந்தது. இரவில் சில ஈப்புலிகள் இப்படித் தொங்கித் தூங்குவதை ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியலா ரோஸ்லர் கவனித்து, படம் பிடித்து, 2022-இல் எழுதினார். குட்டிகளின் தலை கண்ணாடி போல இருப்பதால் உள்ளே அந்தக் கண் குழாய்கள் தெரியும். தூக்கத்தின் நடுவே அவை துடிக்கின்றன, கால்களும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. நாம் கனவு காணும்போது நம் கண் இமைக்குள் ஓடுவதைப் போல. கனவுதானா என்று அவர்கள் சொல்லவில்லை.

நம்மவர் கேமராவை எடுத்து வந்தார். தூங்குகிற சிலந்தி ஓடாது, முறைக்காது. பகலெல்லாம் அலைந்ததற்கு இதுவே பரிசு என்று நினைத்து ஃபோகஸ் வைத்தார். அது ஒரு கால் மட்டும் லேசாக இழுத்தது. என்ன தோன்றியதோ, ஃபிளாஷ் போடாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

நண்பரின் பதில் காத்திருந்தது. "டெலமோனியா இல்லை. பெண்ணாக இருக்கலாம். படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது, நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும்." யாருடைய உறுப்பை என்று தெளிவாகவே எழுதியிருந்தார். இருந்தும் அந்த வாக்கியத்தை மனைவிக்குப் படித்துக் காட்டுவதில்லை என்று நம்மவர் முடிவு செய்தார்.

அதற்கு மேலே, அக்காவின் எண்ணிலிருந்து அந்த ஒரே படம் வந்திருந்தது. நெற்றி சுருங்கி, வாய் பிளந்து, கேமராவைக் குழந்தை போல ஏந்தி நிற்கும் நம்மவர். தயிர் டப்பா. டப்பாவின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு. தோளுக்குப் பின்னால், ஏரிக்கு அந்தப் பக்கம், தெளிவாக யானை. நம்மவர் பொட்டைப் பெரிதாக்கினார். இரண்டு ஒளிப்புள்ளி தெரிந்தது. அது நம்மவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். மலையாள எழுத்தாளர் பஷீரின் கதைகளில் எட்டுகாலி மம்மூஞ்ஞு என்று ஒருவர் வருவார், ஊரில் எது நடந்தாலும் அதற்குத் தானே காரணம் என்று மார்தட்டுபவர். நம்மவரும் "நான் எடுத்தது" என்று தட்டிவிட்டு, படத்தில் தானே நிற்பது நினைவுக்கு வந்து அழித்தார்.

"யானை சூப்பர் மாமா" என்றது முதல் பதில். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பதில்களும் யானைக்கே. மைத்துனர் "படையப்பாவா?" என்று கேட்டிருந்தார்.

ஐந்தாவது பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"அது என் தயிர் டப்பாதானே?"